ஆறு வருஷத்துக் கள்ளி

கம்ப்யூட்டர் கக்குகிற கதிர்வீச்சைக் கள்ளிச்செடி உறிஞ்சிவிடும் என்று முதலில் சொன்னவன் யாரோ, அவன் வாயில் மண் விழ. அவன் பேச்சை நம்பி ஹைதராபாத்தில் பாதி சாஃப்ட்வேர் ஆபீஸ்களில் மானிட்டர் தலையில் ஆளுக்கொரு முள் உருண்டையை ஏற்றி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் குணசேகரனுக்கும் அந்த ஞானம் வந்தது. கடையில் ஒன்று வாங்கியிருக்கலாம். என்னுடையதைத் தூக்கிக்கொண்டு போனார்.

அது பாளையங்கோட்டையில் நான் தாவரவியல் படித்த கல்லூரித் தோட்டத்தில் கோலிக்குண்டு அளவில் எடுத்த குட்டி. கல்யாணமாகி ஹைதராபாத் குகட்பள்ளிக்கு வந்தபோது செய்தித்தாளில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். ஹவுசிங் போர்டு வீட்டின் பால்கனியில் நல்ல வெயில் விழும் மூலை ஒன்றுதான். அதை அதற்குக் கொடுத்துவிட்டு ஈரத்துணியை நிழலில் காயப்போட்டேன். மணலும் செங்கல் பொடியும் கலந்து மண் மாற்றினேன். மழைக்காலத்தில் உள்ளே எடுத்து வைத்தேன். குளிர்காலம் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் காட்டாமல் பட்டினி போட்டேன். அப்படிக் கிடந்தால்தான் இந்த ஜாதி பூக்கும். பாவம், ஒரு மடக்கு ஊற்றிவிடலாமா என்று கை பரபரக்கும். அந்தக் கையை அடக்குவதுதான் கள்ளி வளர்ப்பு.

ஐந்து வருஷம் பூக்கவில்லை. சாத்துக்குடி அளவுக்கு வளர்ந்து, அடியில் நாலைந்து குட்டி போட்டது. 2004 பிப்ரவரியில் உச்சியைச் சுற்றி வளையமாகச் சிவப்பு மொட்டு வைத்தது. வேலைக்குப் போகிறேன் என்று நான் வாயெடுத்தாலே, ஆன்சைட் வந்தால் அமெரிக்கா கிளம்ப வேண்டும், வேலை எதற்கு என்பார் இவர். இந்த ஊருக்கு வந்து நான் செய்தது என்று காட்ட எனக்கு அந்த மொட்டுகளைத் தவிர வேறெதுவும் இல்லை.

அவை மலர்வதற்குள் ஒருநாள் காய்கறி வாங்கிவிட்டு வந்து பார்த்தால் தொட்டியைக் காணோம். ஆபீசுக்குப் போன் போட்டேன்.

“நாந்தான் எடுத்துட்டு வந்தேன். மேனேஜர் டேபிளுக்கு. அவருக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு.”

“மொட்டு வச்சிருக்கே, பாக்கலையா நீங்க?”

“மொட்டா? நான் முள்ளுன்னுல்லா நெனச்சேன். தண்ணிகூட வேண்டாத செடிதானே, எங்க இருந்தா என்ன?”

“தண்ணி வேண்டாம். வெயில் வேண்டாமா?”

“சத்தம் போடாத வேதா. ஆன்சைட்டுக்கு ஆள் எடுக்குத நேரம். குடுத்ததைத் திருப்பிக் கேக்க முடியுமா?”

அன்று சாம்பாரில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான். மனிதர் உப்புக்கூடக் கேட்காமல் சாப்பிட்டு எழுந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அது அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் அவர்கள் ஆபீசில் ஃபேமிலி டே. வருஷத்தில் ஒருநாள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிப்போய், இதுதான் நான் உட்காரும் நாற்காலி என்று காட்டுகிற திருவிழா. பலூன், சமோசா, பாட்டு. நான் நேராக மேனேஜர் கிதியோனின் மேஜைக்குப் போனேன். அவர் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், நல்ல மனிதர்.

மானிட்டர் மேல் என் கள்ளி. இரண்டு பொம்மைக் கண்கள். உச்சியில், என் மொட்டுகளின் மேலேயே, சூடான பசையை ஊற்றி ஒரு காகிதப் பூவை ஒட்டியிருந்தார்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது.

“என்ன சார் இது?”

“ஃபேமிலி டே டெகரேஷன் மா. பூ இருந்தா நல்லா இருக்கும்னு பசங்க ஒட்டினாங்க. கைக்கு? ஏன், நல்லா இல்லையா?”

“தண்ணி யார் ஊத்துறது?”

“நானே, டெய்லி,” என்றார் பெருமையாக. “குணா வளர்த்த செடி ஆச்சே! கோலிக்குண்டு சைஸ்லேர்ந்து ஆறு வருஷம் வளர்த்தேன்னு சொன்னான். குளிர்ல பட்டினி போடணுமாமே? எனக்கு மனசு வரல. கிளையன்ட்கிட்ட உக்காந்து வேலை பாக்க இந்தப் பொறுமைதான் மா வேணும். அதுக்கே அவன் பேரை ஆன்சைட்டுக்குப் போட்டேன்.”

குணசேகரன் பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். செடியைத் தூக்கியதற்கு இத்தனை நாள் கொதித்தேனே, அது சின்னத் திருட்டு. என் பொறுமையையும் சேர்த்துத் தூக்கிக் கொண்டுவந்து இங்கே தன்னுடையதென்று விற்றிருக்கிறார்.

“ஏங்க,” என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. “இதுக்கு எதுக்குக் குளிர்காலத்துல பட்டினி போடுதோம்? சாருக்குச் சொல்லுங்க.”

அவர் கிதியோனைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். “அது… அழுகிரும்னு…”

“பூக்கிறதுக்கு சார்,” என்று கிதியோனிடம் சொன்னேன். “வளத்தது நான்.”

தொட்டியைத் தூக்கினேன். முள் குத்தியது, குத்தட்டும். சுற்றி நின்றவர்கள் பலூனைப் பார்த்தார்கள். கிதியோன் முகம் சுருங்கிவிட்டது. “சாரி மா, சத்தியமா எனக்குத் தெரியாது,” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆட்டோவில் காகிதப் பூவைப் பிய்த்தேன். அத்தனை மொட்டும் பசையோடு கையில் வந்தன. அடிப்பாகம் அழுகின தக்காளி மாதிரி அமுங்கியது. வாய்விட்டு அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

வீட்டில் கத்தியை எடுத்து அழுகலை வெட்டிக்கொண்டே போனேன். தாய் தேறவில்லை. அழுகல் எட்டாத குட்டி ஒன்றுதான் மிஞ்சியது. வெட்டின காயம் ஆறும்வரை நிழலில் போட்டுவைத்து, பிறகு காய்ந்த மணல்மேல் உட்கார வைத்தேன். அதே வாரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

ஆன்சைட் ரத்தாகவில்லை. பேர் மேலே போய்விட்டதாம். ஒரு சாயங்காலம் பால்கனி வாசலில் வந்து நின்றார்.

“அடுத்த மாசம் கிளம்பணும் வேதா. உன் பாஸ்போர்ட்டை எடுத்து வை.”

“நீங்க போயிட்டு வாங்க. இது பூக்குத வரைக்கும் நான் எங்கயும் வரல.”

கோலிக்குண்டு அளவில் இருந்த குட்டியைக் குனிந்து பார்த்தார். “இது பூக்க எவ்வளவு நாளாகும்?”

“ஆறு வருஷம் வளத்தவருக்குத் தெரியாதா?” என்றேன்.