மூக்கண்ணன் முகர்ந்து சொன்னது

அந்தக் குடியிருப்பில் யார் வீட்டில் பால் தீய்ந்தாலும் முதலில் தெரிவது அந்த வீட்டுக்காரிக்கு அல்ல, மேல்மாடியில் இருந்த பெயிண்டருக்குத்தான். ஒரு தடவை கீழ்வீட்டில் கேஸ் கசிந்தபோது, சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயரைக் கூப்பிடும் வழக்கம் அங்கே ஒழிந்துபோனது. பெரியவர்களுக்கு மூக்கண்ணன், பிள்ளைகளுக்கு மூக்கு மாமா. அவரும் யாரோ கூப்பிட்டுப் பட்டம் கொடுத்தது போல அதை ஏற்றுக்கொண்டார்.

அவருடைய மனைவியின் மூக்கு பார்வைக்கு மட்டும்தான் எடுப்பு. சின்ன வயதிலிருந்தே சைனஸ். ரோஜாப்பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். அப்படிப்பட்டவள் சோப்பு செய்யும் தொழிலில் இறங்கியிருக்கிறாள் என்றால், பக்கத்தில் அந்தப் பெரிய மூக்கு உட்கார்ந்திருக்கும் தைரியம்தான். ஊரார் அவளைச் சோப்பக்கா என்றார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூக்கு போதும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தொழில் தொடங்கியதே அவர் கையால்தான். பெயிண்ட் அடித்துவிட்டு வரும் மனிதர் தினமும் பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் கை கழுவுவார். விரலிடுக்கெல்லாம் வெடித்து, சாதத்தில் இருக்கிற உப்புப் பட்டாலே முகத்தைச் சுளிப்பார். கண்ட கண்ட களிம்பெல்லாம் போட்டு அலுத்துப்போன பிறகு, அவள் எங்கேயோ படித்துக் கேட்டு, சமையலறையில் பழைய பாத்திரம் ஒன்றை ஒதுக்கி முதல் சோப்பைச் செய்தாள். அது பார்க்க வெந்தும் வேகாத உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவர் கை வெடிக்கவில்லை.

அவளிடம் சோப்பைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், அடுப்பில் இருப்பதை மறந்துவிடுவாள். தேங்காய் எண்ணெய் நன்றாக நுரைக்கும், அழுக்கையும் எடுக்கும், ஆனால் அளவு மீறினால் தோலில் இருக்கிற எண்ணெயையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய்விடும். அதனால் பாதிக்கு மேல் ஆலிவ் எண்ணெய். நுரை சட்டென்று அடங்காமல் இருக்கக் கொஞ்சம் விளக்கெண்ணெய். காஸ்டிக் சோடாவைக் கையுறை போட்டுக்கொண்டு தண்ணீரில் கொட்டுவாள், தண்ணீரை ஒருநாளும் அதன்மேல் ஊற்ற மாட்டாள். எல்லா எண்ணெயும் சோப்பாக மாறிவிடாமல் கொஞ்சம் மிச்சம் நிற்கும்படி அந்தக் காஸ்டிக் சோடாவை எப்போதும் கணக்குக்குக் கொஞ்சம் குறைத்தே போடுவாள். அந்த மிச்ச எண்ணெயும், சோப்பு உண்டாகும்போது தானாகவே ஊறி வருகிற கிளிசரினும்தான் கழுவிய பிறகு தோல் இழுக்காமல் இருப்பதற்குக் காரணம். இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, இது மருந்து இல்லை, சோப்புதான், குணப்படுத்தாது, கெடுக்காது, அவ்வளவே என்றும் சேர்த்துக்கொள்வாள். வியாபாரம் செய்யத் தெரியாதவள் என்று மூக்கண்ணன் கிண்டல் செய்வார். உள்ளுக்குள் அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

முட்டிவலி வந்து ஏணி ஏறுவதை அவர் நிறுத்திய பிறகு, வீட்டில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே உத்தியோகம் முகர்ந்து பார்ப்பதுதான். பாத்திரத்தில் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு எண்ணெயும் அவர் மூக்குக்கு வரும். அச்சிலிருந்து வெட்டிய முதல் கட்டியும் அவர் மூக்குக்குத்தான் வரும். அவள் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து, நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து நீட்டுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முகர்வார். தலையாட்டினால்தான் சோப்பு அலமாரிக்குப் போகும். அந்தக் குனிதலுக்காகவும் அந்தத் தலையாட்டலுக்காகவுமே அவர் காலையில் சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த மூக்குத்தான் ஒரு காய்ச்சலில் போய்விட்டது.

காய்ச்சல் விட்ட அன்று அவள் கொண்டுவந்து கொடுத்த காபி வெறும் சுடுதண்ணீராக இருந்தது. பால் பற்றாக்குறையோ என்று நினைத்தார். அடுத்து குளியலறைக்குப் போய் பினாயில் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. தின்னர் டப்பாவைத் திறந்தார். கண் எரிந்ததே தவிர மூக்குக்குச் சேதி வரவில்லை. நாலு நாளில் சரியாகும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். சரியாகவில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் அதற்குள் அவள் ஒரு கட்டியோடு குனிந்து நின்றாள். அவர் கண் தன்னையறியாமல் சமையல் மேடைப் பக்கம் போனது. அங்கே எலுமிச்சைத் தோல் சுருண்டு கிடந்தது. எலுமிச்சை, கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றார். அவள் முகம் மலர்ந்தது. அவ்வளவுதான், பொய் சௌகரியமாக வீட்டில் குடியேறிவிட்டது.

அதற்கப்புறம் மனிதர் துப்பறியத் தொடங்கினார். அவள் குளிக்கப் போனதும் குப்பைக்கூடையைக் கிளறுவார். எந்தப் பாட்டிலின் மூடி ஈரமாக இருக்கிறது என்று பார்ப்பார். இலவங்கப்பட்டையா, புதினாவா என்று தூளின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். ஒருநாளும் மாட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவை தலையாட்டும்போதும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். ஆனால் உண்மையைச் சொன்னால் அவள் வேறு யாரையாவது கூப்பிட்டு முகரச் சொல்வாள். நியாயமும் அதுதான். அதற்கப்புறம் தனக்கு அந்த நாற்காலியில் உட்கார என்ன வேலை இருக்கிறது என்பதுதான் அவரை வாயடைக்க வைத்தது.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெரு முதியோர் இல்லத்திலிருந்து நர்ஸ் வந்தாள். அங்கே இருக்கிறவர்களுக்குத் தோல் காகிதம் மாதிரி மெலிந்துபோய்விட்டது, குளித்து முடித்ததும் அரிப்பு தாங்காமல் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறார்கள், அவர்களுக்கு ஏற்ற மாதிரி மிருதுவாக ஒரு சோப்பு செய்துதர முடியுமா என்று கேட்டாள். சோப்பக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை அவள் தெரிந்தவர்களுக்கும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும்தான் செய்திருக்கிறாள். ஒரு நிறுவனம் தேடி வந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

நாள் முழுக்க யோசித்தாள். தேங்காய் எண்ணெயை வெகுவாகக் குறைத்து ஆலிவ் எண்ணெயை ஏற்றினாள். அரிப்புக்கு இதமாக ஓட்ஸை மாவாக அரைத்துக்கொண்டாள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று காய்ந்த சாமந்தி இதழையும் கிள்ளி வைத்தாள். பிறகு, வழக்கம்போல ஆலிவ் எண்ணெய் டின்னின் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினாள். அந்த டின் ஜன்னலோரத்தில் வெயில் படும் இடத்தில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தது.

அவர் கண்ணை மூடி முகர்ந்தார். பிறகு கண்ணைத் திறந்து நிறத்தைப் பார்த்தார். நிறம் நன்றாகத்தான் இருந்தது. தலையாட்டினார்.

சோப்பு அச்சில் இறுகியது, வெட்டினாள், மர அலமாரியில் வாரக்கணக்கில் காயப் போட்டாள். அவசரப்பட்டு எடுத்தால் சோப்பு முரடாக இருக்கும், அதனால் நர்ஸ் வந்து விசாரித்தபோதுகூட விடாப்பிடியாகக் காக்கவைத்தாள். காய்ந்துகொண்டிருந்தபோது கட்டிகளில் அங்கங்கே ஆரஞ்சு நிறத்தில் புள்ளி விழுந்தது. மூக்கண்ணன் அதைப் பார்த்தார். சாமந்தியின் சாயம் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

நர்ஸ் வந்து பெட்டியைத் திறந்தாள். ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தாள். இன்னொன்றை எடுத்து முகர்ந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததுமே மூக்கண்ணன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் நர்ஸ். "எண்ணெய் காறிப்போன வாடை வருது."

சோப்பக்கா சிரித்தேவிட்டாள். அப்படி இருக்க வழியே இல்லை, அவர் முகர்ந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் ஊற்றினேன் என்றாள். நர்ஸ் தயங்கித் தயங்கி, இல்லை, நிச்சயமாக வருகிறது, இந்த ஆரஞ்சுப் புள்ளிகூட அதனால் இருக்கலாம் என்றாள். கையில் இருக்கிற மருந்து லோஷன் வாடையாக இருக்கும் என்றாள் சோப்பக்கா. நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் முகர்ந்தாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

சோப்பக்காவின் குரல் மாறியது. கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

"இந்தாம்மா, வேண்டாம்னா வேண்டாம். பெட்டியை வச்சிட்டுப் போ, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ஆனா அவர் மூக்கு தப்புன்னு மட்டும் சொல்லாத. இத்தனை வருஷத்துல அது ஒருநாள்கூட என்னைக் கைவிட்டதில்ல."

பாவி மனுஷன் அங்கேயே உருகிப்போனார். தேடி வந்த முதல் பெரிய வேலை வாசலைத் தாண்டிப் போகப்போகிறது, அதை அவள் வழியனுப்பிவைக்கத் தயாராக நிற்கிறாள், எல்லாம் இந்தச் செத்த மூக்குக்காக. முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றதுதாம்மா சரி," என்றார். "எனக்கு வாசனை தெரியல. காய்ச்சல் வந்துச்சே, அன்னிக்கே போயிடுச்சு."

நர்ஸ் தன் பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். நல்ல பெண்.

"அந்த எலுமிச்சை சோப்பு?" என்று கேட்டாள் சோப்பக்கா.

மேடையில் தோலைப் பார்த்ததாகச் சொன்னார். புதினா? தூளின் நிறம். ரோஜா? பாட்டில் மூடி. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அப்போ இத்தனை நாளும் நான் சமைச்சது?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. உப்பும் காரமும் தெரியும் என்று முனகினார். ஒவ்வொரு வேளையும் தட்டை வழித்துவிட்டு, இன்றைக்குப் பிரமாதம் என்று சொன்ன மனிதர். சோப்பு வீணானதை அவள் அந்த நிமிஷமே மறந்துவிட்டாள். ஒரு வாசனையும் இல்லாமல் தன்னந்தனியாக அவர் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாரே, தான் எதிரே உட்கார்ந்திருந்தும் தெரியாமல் போயிற்றே என்பதுதான் அவளை உலுக்கியது. முகத்தைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நாளைக்கே டாக்டரிடம் போகிறோம், வாயைத் திறக்கக் கூடாது என்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

நர்ஸ்தான் நிலைமையைச் சீராக்கினாள். பெட்டியை மூடிவிட்டு, புது எண்ணெய் வாங்கி மறுபடி செய்யுங்கள், ஊற்றுகிற அன்று நானே வந்து முகர்ந்து பார்க்கிறேன் என்றாள். வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம், அவ்வளவு மெலிந்த தோலுக்கு அதுகூட உறுத்தலாம் என்றும் சொன்னாள். போகும்போது வாசலில் நின்று, "அண்ணே, உங்களுக்கு வேற வேலை இருக்கு. கை கழுவிப் பாத்துச் சொல்லுங்க. உங்க கைக்கு ஒத்துக்கிச்சுன்னா எங்க ஆளுங்களுக்கும் ஒத்துக்கும்," என்றாள்.

டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் சில வாசனைகளை முகர்ந்து பழகச் சொன்னார். மூக்கண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காலையில் இலவங்கத்தையும் எலுமிச்சையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, தன் அடைத்த மூக்கால் அதையே முகர்ந்தாள். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதற்கிடையே அவருக்குப் புது உத்தியோகம் மும்முரமாக நடந்தது. தின்னரில் ஊறிய அந்தக் கை, சோப்பில் துளி குறை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். நர்ஸ் முகர்ந்து சரி சொன்ன எண்ணெயில் அவள் சின்னச் சின்ன அச்சாகச் செய்து காயவைத்தாள். அவர் கழுவி, துடைத்து, ஜன்னல் பக்கம் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்து தீர்ப்புச் சொன்னார். ஒன்று இழுக்கிறது என்றார், தேங்காய் எண்ணெயை இன்னும் குறைத்தாள். இன்னொன்றில் ஓட்ஸ் திப்பித்திப்பியாக உரசுகிறது என்றார், துணியில் சலித்தாள். சாமந்தி இதழையும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். கடைசியில் ஒன்றால் கழுவிவிட்டு அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே அவள் கையைப் பிடித்துத் தடவிக் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தச் சோப்பைப் பெரிய அச்சில் ஊற்றி, வெட்டுகிற நாளும் வந்தது. வெள்ளை வெளேரென்று, பூவும் இல்லாமல் பொட்டும் இல்லாமல் சாதுவாக இருந்தது. அவள் முதல் கட்டியை எடுத்தாள். தலைப்பில் துடைத்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, எப்போதும்போலக் குனிந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மறந்துபோய் நீட்டுகிறாளோ என்று நினைத்தார். அவள் மறக்கவில்லை, கையை எடுக்கவுமில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய இழுத்தார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலம்மா," என்றார்.

அவள் கட்டியைத் தன் மூக்குக்குக் கொண்டுபோய் ஒருதரம் முகர்ந்தாள்.

"எனக்கும்தான்," என்றாள். "இதுல ஒண்ணும் தெரியக் கூடாதுங்க. தலையை ஆட்டுங்க, அலமாரியில வைக்கணும்."

அவர் தலையாட்டினார்.