தலையணையில் குத்திய ஊசி

அபுல் ஹஸன் உயிரோடு இருந்த காலத்தில் அடிக்கடி சொல்லிச் சிரிப்பான்: "நம்மட ஆக்களுக்கு நெஞ்சுக்குக் கீழ, முழங்காலுக்கு மேல, எல்லாமே வயிறுதான்." ஆஸ்பத்திரி வார்டில் அவனுக்கு வேலை. சிங்கள டொக்டர்மாருக்கும் தமிழில் முனகும் நோயாளிகளுக்கும் நடுவில் நின்று கதையை மொழி மாற்றிக் கொடுப்பது அவன் பாடு. வயித்துக்குத்து என்று வருகிற ஒருவரையும் அவன் லேசில் விடமாட்டான். நெஞ்சுக்குழியா, விலாவடியா, தொப்புளைச் சுற்றியா, அடிவயிறா, வலமா, இடமா என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டுத்தான் டொக்டரிடம் வாயைத் திறப்பான். வீட்டுக்கு வந்தால் பெண்சாதி ஸுல்பிகாவுக்கும் அதே பாடம்தான். கலியாணமான புதிதில் மற்றப் புருஷன்மார் மனைவியைப் படம் பார்க்கக் கூட்டிப் போவார்கள். இந்த மனிசன் ஈரல் எந்தப் பக்கம், குடல்வால் எந்தப் பக்கம் என்று கேட்பான். சரியாகச் சொன்னால் ஒரு டொஃபி.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் தென்னை ஒன்று சரிந்து அவன் மேல் விழுந்தது. அவன் மௌத்தாகிப் போனான். ஸுல்பிகா இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அவள் வாப்பா, ஊரில் பெரிய வயல்காரரான பக்கீர் முகைதீன் போடியார், தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தார்: குரலும் வெளியே கேட்கக் கூடாது. அறையின் ஒற்றை ஜன்னலைக் காற்று பிய்த்துக்கொண்டு போனதால் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். வாசலில் உம்மாவின் பழைய சாரி திரையாகத் தொங்கியது. உள்ளே பகலும் இருட்டாகத்தான் இருந்தது.

நாற்பத்தோராம் நாள் விடிய தொப்புளைச் சுற்றி நோவு தொடங்கியது. மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னமே அது இறங்கி வலது அடிவயிற்றில் குந்திக்கொண்டது. இரண்டு தரம் ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள், உடம்பும் நெருப்பாய்க் காய்ந்தது. டொஃபி வாங்கித் தின்ற பாடமல்லவா, மறக்குமா? குடல்வால். வெடித்தால் ஆள் மிஞ்சுவது கஷ்டம் என்றும் அவன் சொல்லியிருந்தான்.

"உம்மா, இது குடல்வால். என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"நீயென்ன டொக்டரா மகள்? வாப்பா ஆளனுப்பியிருக்காரு. சும்மா படு," என்றாள் ஹாஜறா உம்மா.

காரைதீவிலிருந்து அழகரெத்தினம் ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார். பென்ஷன் எடுத்த அப்போதிக்கரி; பாதி டொக்டர் மாதிரி. ஹஸனோடு ஒரே வார்டில் வருஷக்கணக்காக நின்றவர்.

"பிள்ளையப் பார்க்காம என்னெண்டு மருந்து தாற, போடியார்?"

"இத்தாவில இருக்கிற பிள்ளை, ஐயா. கேட்கிறத உம்மாக்காரியிட்டக் கேளுங்க."

நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு உண்டென்று பள்ளிவாசல் லெவ்வை பிறகு சொன்னார். அன்றைக்கு அவரிடம் போய்க் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எவ்வளவு பெரிய வீடு, எத்தனை ஏக்கர் வயல், புத்தி மட்டும் அன்று பார்த்து ஊரில் இல்லை.

"அப்ப எந்த இடம் நோகுதெண்டு உங்கட உடம்பில தொட்டுக் காட்டுங்க, ராத்தா."

ஹாஜறா உம்மா குறுகிப் போனாள். அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவதா? அடிவயிறு என்ற சொல்லே அவள் வாயில் வராது. அப்போதிக்கரி கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு தலையணையப் பிள்ளையிட வயித்தில வெச்சு, நோகிற இடத்தில ஊசி குத்திக் கொண்டு வாங்க."

கெட்டித்தனமான யோசனைதான். ஸுல்பிகா தலையணையை வயிற்றில் கிடத்தினாள். உறையின் ஒரு கரையில் பூ தைத்திருந்தது. அது அவள் கால்பக்கம் கிடந்தது. வலது பக்கம், பூவுக்குக் கிட்ட, ஊசியைக் குத்தினாள். உம்மா எடுத்துக்கொண்டு போனாள்.

"இதில தலைமாடு எது, கால்மாடு எது?" அப்போதிக்கரி கேட்பது திரைக்கு உள்ளே கேட்டது.

அந்தப் பூவைத் தைத்தவளே உம்மாதான். அழகான பக்கத்தைக் காலடியில் வைக்க அவளுக்கு மனம் வருமா?

"பூப் போட்ட பக்கம்தான் தலைமாடு."

ஸுல்பிகாவுக்கு விளங்கிவிட்டது. தலையணை தலைகீழாகிவிட்டது. வலது அடிவயிறு இப்போது இடது விலாவடி.

"இடது விலாவடி. இரைப்பைதான் போடியார், பயப்பிட ஒண்டுமில்ல. கவலையில சாப்பிடாம காஸ் பிடிச்சிருக்கு. பேதிக்கு ஒரு மருந்து தாறன், வயிறு கழுவுப்பட்டாச் சரி."

பேதி! குடல்வால் நோவுக்குப் பேதி கொடுத்தால் வெடித்துவிடும் என்று ஹஸன் தலையில் குட்டிச் சொன்ன பாடம். ஸுல்பிகா கையைத் தட்டினாள். வெளியே வாப்பா செருமினார். பேசாமல் இரு என்று அர்த்தம். மறுபடியும் தட்டினாள். வாப்பா இன்னும் பலமாகச் செருமினார். போத்தல் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு சாரித் துணிக்கு இந்தப் பக்கம் கிடந்து சாவதா? அவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"ஐயா! இடம் இல்ல, வலம். வலது அடிவயிறு. தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில. விடிய தொப்புளடியில துடங்கி இறங்கின நோவு. அமத்தினா நோகுது, கை எடுக்கக்குள்ள அதவிடக் கூட நோகுது. பேதி தர வேணாம்!"

வாப்பாவின் செருமல் பாதியில் நின்றது. அப்போதிக்கரி போத்தலை மூடினார்.

"இது நம்மட ஹஸன்ட கதை," என்றார். "வார்டில அவன் ஒருத்தன்தான் இப்பிடிப் பிரிச்சுச் சொல்லுவான். போடியார், காருக்கு ஆளனுப்புங்க. இப்பவே!"

போடியார் ஆளனுப்பவில்லை. சால்வையையும் மறந்து தானே தெருவுக்கு ஓடினார்.

காரின் பின்சீட்டில் உம்மாவின் மடியில், தலைமுதல் கால்வரை வெள்ளைச் சீலைக்குள் ஸுல்பிகா கிடந்தாள். முன்சீட்டில் இருந்த வாப்பா கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே கேட்டார்.

"இவ்வளவும் தெரிஞ்ச நீ, ஏன் மகள் முந்தியே கதைக்கல்ல?"

"கதைக்கப்படாதெண்டு நீங்கதானே வாப்பா சொன்னீங்க."

ஆஸ்பத்திரி வாசலில் பக்கீர் முகைதீன் போடியார் தானே இறங்கிப் பின்கதவைத் திறந்தார்: "டொக்டரிட்ட நீயே சொல்லு மகள்."