அரபு தெரிந்தவன்

காலையிலிருந்தே சேக் பரீதுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். லோரிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடினான். பாமாயில் வாங்க வரும் அரபு முதலாளி, ஆலையைப் பார்த்துவிட்டு இவர்கள் சாப்பாட்டுக் கடையில்தான் பசியாறுவார் என்று ஆலையில் கணக்கெழுதும் கிராணி ஹியூபர்ட் சொல்லியிருந்தான். கிள்ளானில் அலுவலகம் திறக்கிறாராம். அரபும் மலாயும் தெரிந்தவனுக்குத் தொள்ளாயிரம் வெள்ளி சம்பளமாம்.

பத்தாங் பெர்ஜுந்தாய் மாதிரிச் சின்ன ஊரில் அப்படிச் சம்பளம் வாங்குகிறவனை எங்கே தேடுவது? வாப்பா மீரா முகைதீன் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். "எம்மவன் இந்தியாவுல நம்ம ஊருக்குப் போயி மதரஸாவுல ஓதிட்டு வந்தவன். அரபு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு."

பரீதை இருக்கவிடாமல் அடித்தது அந்தப் பேச்சுதான். குர்ஆன் ஓதியது உண்மை. பக்கம் பக்கமாக மனப்பாடம், கேட்பவர்கள் சொக்கிப்போகும் குரல். ஆனால் பொருள் சொல்லித்தரும் வகுப்புக்குப் போகுமுன்பே, கடைக்கு ஆளில்லை என்று வாப்பா அவனைத் திருப்பி அழைத்துக்கொண்டார். அரபு தெரிந்தவன் என்று ஊரார் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. சும்மா கிடைக்கிற பெருமையை யார்தான் வேண்டாம் என்பார்கள்? இப்போது அதைப் பிடித்துக்கொண்டே கடையை விட்டுத் தப்பிவிடலாம் என்று நினைத்தான், பைத்தியக்காரன்.

முதலாளி வந்தார். ரொட்டி வந்தது. ஹியூபர்ட் பரீதைக் காட்டினான். அவர் சிரித்துக்கொண்டே அரபியில் ஏதோ கேட்டார்.

அறிந்த சொற்கள் ஒன்றிரண்டு காதில் விழுந்தன. கேள்வி என்னவென்றுதான் புரியவில்லை. கடையே சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வாப்பா கல்லாவிலிருந்து எழுந்தே நின்றார், முகமெல்லாம் பல். ஓதத் தெரிந்ததில் ஒன்றை எடுத்துவிட்டால்கூடக் கடையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வாப்பாவின் மானமாவது தப்பும். ஆனால் அதைப் போய் இதற்கு எடுக்க நாக்குக் கூசியது.

"எனக்கு ஓத மட்டும்தான் தெரியும், துவான். பேச்சு புரியாது," என்று மலாயில் சொன்னான்.

ஹியூபர்ட் அதை ஆங்கிலத்தில் சொன்னான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையாட்டிவிட்டு ரொட்டியைப் பிய்த்தார். கிளம்பும்போது ஹியூபர்ட் காதோரம் முணுமுணுத்தான். "வேற ஆள் பாக்கச் சொல்லிட்டாரு லா."

கார் போனபிறகும் வாப்பா நின்றுகொண்டே இருந்தார்.

"ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாதாடா?"

"அதுக்கு முந்தியே கூப்பிட்டுக்கிட்டீங்களே, வாப்பா."

ஏச்சு விழும் என்று பரீது காத்திருந்தான். அவரோ மெல்லக் கல்லாவில் உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியாது. எங்க வாப்பாவுக்கும் தெரியாது. நீ ஓதுறப்பல்லாம், நம்ம வீட்டுல ஒருத்தனுக்காவது புரியுதேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா."

தொள்ளாயிரம் வெள்ளி பரீதுக்கு மறந்தே போயிற்று. துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.