ஓடிப்போகச் செய்த வண்டி

என் தங்கச்சி அந்தப் பழைய வேனைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோது அவள் கீழுதடு கிழிந்திருந்தது. "இதுக்குள்ளயே படுத்துத் தூங்குற மாதிரி பண்ணிக் குடுக்கா. ஊர் ஊராப் போயிட்டே இருக்கேன். அவன் கைக்கு எட்டாம இருந்தாப் போதும்" என்றாள்.

அவன் என்றால் எங்கள் வீட்டு அருமை மாப்பிள்ளை. கையில் எது கிடைத்தாலும் அதால் அவளை அடித்துப் பார்க்கிறவன். நான் வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவள். தெருவில் எனக்குக் கரண்ட் அக்கா என்று பெயர். தொழிலுக்காக மட்டும் வைத்த பெயரில்லை. போய் நாலு அறை விட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

"நீ அடிச்சிட்டு வந்துடுவ. அதுக்கப்புறம் அவன்கூட இருக்கப்போறது நான்தானே?" என்றாள். ஸ்பேனரை எடுத்து வண்டி வேலையை ஆரம்பித்தேன்.

வண்டியில் குடித்தனம் பண்ணக் கிளம்புகிறவர்கள் பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் பந்தல் துணி கேட்பார்கள், சின்ன ஃப்ரிட்ஜ் கேட்பார்கள். இவள் கேட்டதே வேறு. எல்லாக் கதவுக்கும் உள்பக்கத் தாழ்ப்பாள். வெளிச்சம் கசியாத தடித்த திரை. கட்டிலுக்கு அடியில் ஆள் ஒளிய இடமில்லாமல் தண்ணீர் கேன்களை அடைத்துவிட வேண்டும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த தகரத் தடுப்பை அறுத்தெடுக்கச் சொன்னாள். படுக்கையிலிருந்து இறங்காமலே ஸ்டியரிங்குக்கு வந்துவிடலாமாம். "சீட்டைப் பின்னாடி திருப்பிக்கிற மாதிரி சுழல் தட்டு போடறேன்டி, உக்காந்து சாப்பிட வசதியா இருக்கும்" என்றேன். "திருப்பி வெச்சிருக்கும்போது அவன் வந்துட்டா?" என்றாள். கேஸ் அடுப்பும் வேண்டாம் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே அவனைத் தேடிப் போயிருப்பேன்.

அவன் வந்த அன்று பட்டப்பகல். ஃபேனுக்கும் விளக்குக்கும் தனியாக இரண்டாவது பேட்டரி வைத்துக்கொண்டிருந்தேன். பானெட்டைத் தூக்கி நிறுத்தி, வயரைத் தொடுவதற்கு முன் எப்போதும் செய்கிற மாதிரி எஞ்சின் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி ஒதுக்கியிருந்தேன். தங்கச்சி உள்ளே மெத்தையை அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

என் பட்டறையிலேயே கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு, "எங்கடி ஓடப் பாக்குற?" என்று வந்தான். அவள் பக்கக் கதவைத் தாழிட்டாள், ஒரே தாவலில் சீட்டுக்கு வந்தாள், சாவியைத் திருப்பினாள். மனசுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருந்தாளோ, எல்லாம் அப்படியே நடந்தது. வண்டிதான் மூச்சுவிடவில்லை.

கம்பி டிரைவர் பக்கக் கண்ணாடியில் இறங்கியது. உடைந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு அவள் முடியைப் பிடித்து இழுத்தான். கண்ணாடிச் சில்லுகளின்மேல் அவள் கன்னம் தேய்ந்து கிழிந்தது. ஓடிப்போய் ஸ்பேனரால் அவன் தோளில் ஒன்று வைத்தேன். அவன் முடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். கம்பி என் முழங்கையில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. பின்னால் சாய்ந்து எஞ்சின்மேல் விழுந்தேன்.

அவன் மண்டையைப் பிளக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. தலைக்குப் பக்கத்தில் அந்தக் கழற்றிய வயர் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். உடையாத கையால் முனையைப் பேட்டரியில் வைத்து அழுத்தினேன். முதுகில் அடி விழுந்தது. "இப்ப சாவியத் திருப்புடி!" என்று கத்தினேன். தீப்பொறி பறந்து உள்ளங்கை வெந்தது, நான் எடுக்கவில்லை. எஞ்சின் உறுமியது.

அவன் என்னை விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினான். பின்கதவில் நான் இன்னும் தாழ்ப்பாள் பொருத்தவில்லை. திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். தூக்கிய பானெட் மறைத்ததில் அவளுக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவன் தெரிந்தான். ரிவர்ஸ் போட்டு மிதித்தாள். வண்டி அவன் இன்னொரு காலைப் பின்னாலிருந்த பட்டறைச் சுவரோடு வைத்து நசுக்கியது. அவன் அலறியதை என்னால் இங்கே எழுத முடியாது. அவள் வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தியதும் சுருண்டு விழுந்தான். தொடை எலும்பு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது.

இறங்கி வந்தாள். முகமெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, தெருப் பெயரைத் தடுமாறாமல் சொன்னாள்.

"கிளம்புடி! போலீஸ் வர்றதுக்குள்ள போயிடு. பானெட்டை இறக்கறேன்" என்றேன்.

"எங்கக்கா போறது?"

"எங்கயாவது!"

அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாங்க இருக்கற வீடு அம்மா எனக்குக் குடுத்தது. நான் ஏன்க்கா வண்டில படுக்கணும்?"

கட்டிலின் நீளத்தைப் பற்றி அவளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். திரைத் துணியின் தடிமனுக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். இந்தக் கேள்வி மட்டும் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. உடைந்த கையைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

என்னைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தாள். பிறகு போலீசுக்கும் அவளே போன் போட்டாள். எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டிருப்பார்கள் போல. தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாள்.