நாற்பத்தோராம் அத்தியாயம் ஏன் வரவில்லை

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 'ஒளிந்தாலும் விடமாட்டேன் கண்ணம்மா' என்ற என் காதல் மர்மத் தொடர் என் கற்பனையில் பிறந்ததல்ல. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நான் பில் போடும் ஜவுளிக்கடையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், புடவைப் பிரிவில் நிற்கும் பூமாரி சொன்னது அது. கட்டிக்கிறேன் என்று பின்னாலேயே அலைந்த ஒருவனுக்குப் பயந்து, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மாற்றுத்துணிகூட இல்லாமல் இந்த ஊருக்கு ஓடிவந்த கதை. தன் குழம்பை என் டிபனில் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "ஐயோ பாவம்" என்றேன். அன்றைக்கே முதல் அத்தியாயத்தை எழுதிக் கதைச் செயலியில் ஏற்றினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

(பூமாரி அவள் பெயர் இல்லை. கீழே வரும் சுஜா என் பெயரும் இல்லை. இந்தப் புத்தி நாற்பது அத்தியாயம் தாமதமாகத்தான் வந்தது.)

2

ஏன் கேட்கவில்லை? இந்த ஊரில் தமிழ் யார் வாசிக்கிறார்கள்? வீட்டில் தமிழ் பேசுகிறவர்களே பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் படித்தார்கள். பஸ் போர்டு மலையாளம், ரேஷன் கார்டு மலையாளம். என் போனை எட்டிப் பார்க்கும் கடைப்பையன் பிரஜின்கூட, "சேச்சி, இது தமிழல்லே, எனிக்கு ஒன்னும் பிடிகிட்டில்ல" என்று ஒன்றும் புரியாமல் போய்விடுவான்.

ஆக, ஊருக்குத் தெரியாமல் எழுதிவிட்டதாக எனக்குள் ஒரு நிம்மதி. தமிழ் வாசிக்கிறவர்கள் எல்லாம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப்புறம், தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதும், பூமாரி ஓடிவந்ததே அந்தப்புறத்திலிருந்துதான் என்பதும் என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

3

நான்கு புள்ளி ஏழு நட்சத்திரம். கர்வம் வராமல் இருக்குமா?

"ஹீரோ செம்ம! இப்படி ஒருத்தன் என்னைத் தேடி வரமாட்டானா?"

"அவளுக்கு ரொம்பத்தான் திமிர். இவ்ளோ லவ் பண்றவனை விட்டுட்டு ஓடலாமா?"

"சஸ்பென்ஸ் ஓகே. ரொமான்ஸ் பத்தல சிஸ்."

பத்தவில்லை என்றார்களா, கூட்டினேன். நிஜத்தில் அவள் வீட்டு வாசலில் ஆறு மாதம் பைக்கை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்குக் கதையில் கன்னக்குழி வைத்தேன். [அதை எழுதும்போது எனக்கே அவன்மேல் ஒரு — இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது.]

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முதல் ஆளாக வந்து ஐந்து நட்சத்திரம் போடும் வாசகர் ஒருவர் இருந்தார். 'நிலாநேசன்' என்று பெயர். ஏழாம் அத்தியாயத்தில் நாயகி காபி குடிக்கிறாள். அவர் எழுதினார்: "அருமை. ஆனால் அவள் காபி குடிக்கமாட்டாள். குடித்தால் ஒற்றைத் தலைவலி வரும்."

என் பாத்திரத்தை என்னைவிட நுணுக்கமாகப் புரிந்துகொண்ட வாசகர்! பூரித்துப்போய், கைகூப்பும் பொம்மை மூன்று போட்டு நன்றி சொன்னேன். காபியை அழித்து டீ என்று மாற்றினேன்.

4

முப்பத்தொன்பதாம் அத்தியாயம் என் எழுத்தின் உச்சம். எங்கள் கடைக்குப் பக்கத்திலிருக்கும் பழவங்காடி என்று பெயர் எழுதவில்லை. நான் அவ்வளவு முட்டாள் இல்லை. பெயரில்லாத ஊர். நாள் முழுக்கத் தேங்காய் உடைபடும் ஒரு பிள்ளையார் கோயில் முக்கு. தெறித்த சில்லு ஒன்று நாயகியின் நெற்றியில் படுகிறது. கூப்பிடு தூரத்தில் அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை.

நிலாநேசன் எழுதினார்: "இந்தக் கோயில் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வருகிறேன்."

"வாருங்கள், பாயசத்தோடு போளி சாப்பிடாமல் போகாதீர்கள்" என்று பதில் போட்டேன். அந்தப் பெருமையைப் பூமாரியிடமும் காட்டினேன். அவள் வாசித்தாள், மேலே தள்ளித் தள்ளிக் கருத்துகளையும் வாசித்தாள். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"எக்கா, இது என் கதையில்லா?"

"கதைதானே மோளே. பேரெல்லாம் மாத்தியாச்சு. சாரமில்ல, ஒன்னும் ஆகாது."

"பேர மாத்துனிய சரி. என் தலைவலிய யாரு சொன்னா? நான் ஒங்ககிட்ட சொல்லவே இல்லியே சுஜாக்கா."

சொல்லவில்லைதான். காபி பற்றிய அந்தக் கருத்தை மறுபடி திறந்தேன்.

"அவந்தாங்க்கா. வந்துருவான்."

அன்று புதன்கிழமை. ஸ்டேஷனுக்குப் போனோம். கருத்துகளை வாசித்துப் பார்த்தால்தான் நடவடிக்கை எடுக்க முடியும், தமிழ் தெரிந்த போலீஸ்காரர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். இந்த ஊரில் தமிழ் யார் வாசிக்கிறார்கள் என்று நான் நினைத்தது அந்த ஒரு இடத்தில் மட்டும் சரியாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் பூமாரி பஸ் ஏறினாள். வெள்ளிக்கிழமை ஒருவன் வந்து, ஒன்றும் வாங்காமல் புடவைப் பிரிவில் நின்றான். கன்னக்குழி இல்லை.

"பூமாரி லீவா?" என்று என்னிடமே கேட்டான்.

"எனிக்கறியில்ல" என்று, தமிழே தெரியாதவள்போல மலையாளத்தில் சொன்னேன். அடுத்த பில்லைப் போட ஆரம்பித்தேன். (இனி அந்த வாசகருக்கு 'அவர்' மரியாதை கிடையாது.)

5

இரண்டு நாள் கழித்துப் போனில் பூமாரி சொன்னாள்: "எக்கா, கதையில என்னயக் கொன்னுருங்க. செத்துட்டேன்னு நெனச்சாவது ஓய்வான்."

"எடீ, என்ன பேச்சு இது!"

"எழுதத் தெரிஞ்சுதுல்லா? கொல்லவும் எழுதுங்க."

எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன். நாற்பதாம் அத்தியாயத்தில் நாயகி கடலில் இறங்கிப் போகிறாள். அதற்குக் கிடைத்தது ஒன்று புள்ளி இரண்டு நட்சத்திரம். "ஏமாத்திட்டீங்க சிஸ்." "ஹீரோ பாவம், இனி யாரைக் கட்டுவான்?" "நாற்பத்தொண்ணுல அவளை உயிரோட கொண்டுவாங்க, இல்லன்னா அன்ஃபாலோ." செத்தவளுக்காக ஒருவரும் வருந்தவில்லை.

நிலாநேசன் மட்டும் ஐந்து போட்டிருந்தான்: "அவள் தண்ணீர்ப் பக்கமே போகமாட்டாள். உயிரோடுதான் இருக்கிறாள். அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கிறேன்."

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. அவன் திருந்துகிறான். [எனக்கே நம்பிக்கையில்லை.]

ஆ. பொன்முடியில், எஸ்டேட் லயத்து வீடுகளில், தேயிலை கிள்ளும் பெண்களோடு அவள் — [நிறுத்து சுஜா. மறுபடியும் இடம் எழுதுகிறாய்.]

இ. தொடரையே அழித்துவிடுவது. பூமாரி வேண்டாம் என்றாள். "அழிச்சா வேற வழியில தேடுவான். இப்ப ஒங்க கதையப் பாத்துக்கிட்டுத்தான கெடக்கான்?"

ஹீரோவுக்காக உருகிய வாசகர்களே, உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. கன்னக்குழி வைத்தது நான். ஆனால் ஒரு உதவி செய்யுங்கள். நாற்பத்தோராம் அத்தியாயத்தின் இடத்தில் இதைத்தான் போடுகிறேன். கீழே கருத்துப் பெட்டி இருக்கிறது. நாயகியை எங்கே பார்த்தீர்கள் என்று ஆளுக்கொரு ஊர் எழுதுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில், துபாய் ஏர்போர்ட்டில், உங்கள் வீட்டு மாடி போர்ஷனில். நாற்பதாயிரம் பேர் வாசிக்கிறீர்கள். நாற்பதாயிரம் இடத்திலும் அவன் தேடட்டும்.

(நிலாநேசா, நீயும் வாசிக்கிறாய் என்று தெரியும். போளி சாப்பிட்டாயா?)

நீங்கள் எழுதும் ஊர்களில் ஒன்று அவள் நிஜமாகவே இருக்கும் ஊராகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். மேலே நான் உளறிய பொன்முடியையும் சிலர் எழுதுங்கள். ஒருவருமே எழுதாமல் விட்ட ஊருக்குத்தான் அவன் முதலில் போவான்.