பயணி பக்கத்துக் கதவு

கதவின் உள்தகட்டைக் கழற்றிய அன்று ஷெட்டுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். என் தம்பி மகள், அவளுடைய அம்மா, டிங்கர், பக்கத்து பஞ்சர் கடைக்காரர், நான். ஆறாவது ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைத்தெருவில் இப்போது குறைந்தது பத்துப் பேர் அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லித் திரிகிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த வாரம் ஊரிலேயே இல்லை.

வண்டி என் தம்பியுடையது. விபத்தில் சிக்கிய வாகனங்களைக் கொக்கி மாட்டி இழுத்து வரும் இழுவை வண்டி. இருபத்தாறு ஆண்டுகளாக அவன் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் நின்றது. டயர்கள் மண்ணோடு மண்ணாக அமுங்கிவிட்டன. தம்பி இறந்து இரண்டாம் ஆண்டு, அவன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். வாகனங்களுக்கு மின்வேலை செய்யும் பட்டறை வைத்திருப்பவள். கையில் எப்போதும் கரி. என்னிடம் அனுமதி கேட்க வந்தாள் என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். அவள் கேட்கவில்லை, சொன்னாள்.

“பெரியப்பா, அப்பா வண்டிய எடுக்கப் போறேன்.”

“எடுத்து?”

“சரி பண்ணி ஓட்டப் போறேன்.”

“பழைய இரும்புக்குப் போட்டுட்டா ஆகாதா?”

“அப்பாவப் போட்ட மாதிரியா?”

எங்கள் வீட்டில் பெரியவர்களிடம் அப்படிப் பேசும் வழக்கம் இல்லை. ஆனால் நான் கண்டிக்காமல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் மலைப்பாதை வளைவில் ஒரு கார் தடுப்புச் சுவரில் மோதியது. காரில் ஒரு கணவனும் மனைவியும். தம்பி காரைக் கொக்கியில் மாட்டிவிட்டு, அவர்களைத் தன் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டான். கணவன் நடுவில், அந்தப் பெண் கதவோரம். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்ததால் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார்கள். அவள் கை நசுங்கியிருந்தது. “அம்மா, மோதிரத்த இப்பவே கழட்டிடுங்க, அப்புறம் விரல் வீங்கிட்டா வெட்டித்தான் எடுக்கணும்” என்று தம்பி சொல்லியிருக்கிறான். கழன்று வரவில்லை. வண்டியை நிறுத்தி, இழுவைக் கம்பி சுற்றும் உருளையிலிருந்து கொஞ்சம் கிரீஸ் எடுத்து அவள் விரலில் தடவி, உருவி, அவளுடைய இன்னொரு கையில் கொடுத்தான். இது அவன் சொன்னது. மருத்துவமனையில் பார்த்தபோது மோதிரம் இல்லை. கிரீஸ் படிந்த விரல்கள் மோதிரத்தை உருவியது மட்டும்தான் நினைவிருக்கிறது என்றாள் அந்தப் பெண். தான் எதையும் கவனிக்கவில்லை என்றார் கணவர். இருக்கையைப் பிரித்தார்கள், தரைவிரிப்பை எடுத்து உதறினார்கள். இல்லை.

மூன்றாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். அந்தப் பெண் சொன்ன அடையாளத்தை விசாரித்து, சிவப்புக் கல் வைத்த மோதிரம் ஒன்று செய்வித்து, அவள் கணவனிடம் கொண்டுபோய்க் கொடுத்து, விஷயம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். அவர் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை மரியாதை என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பேச்சு. எடுக்காதவனுக்காக அண்ணன் எதற்குக் கொடுக்கிறான்? தம்பி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

“நீங்க ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாம்ண்ணே. எடுத்தியாடான்னு கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல.”

நான் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்தேன் என்பதும் உண்மை. அன்றைக்கே வண்டியை ஷெட்டில் ஏற்றினான். பிறகு சாகும்வரை யாரோ ஒருவருடைய லாரியைத்தான் ஓட்டினான். என்னிடம் பேசவில்லை. அவன் மனைவியும் பேசவில்லை. நான் எதிரில் இருந்தாலும் மகளிடம்தான் சொல்வாள்: “உங்க பெரியப்பாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளு.”

ஆகவே வண்டி வேலை தொடங்கியதும் நான் தினமும் பத்து மணிக்கு ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். மடக்கு நாற்காலியை நானே கொண்டுபோவேன். யாரும் அழைக்கவில்லை. அது எங்கள் குடும்பத்து வண்டி. அதிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று பார்க்கும் கடமை எனக்கு உண்டு. “ஐயா வந்துட்டாரு, இனி கேமரா மாட்ட வேண்டிய செலவு மிச்சம்” என்று பஞ்சர் கடைக்காரர் சொல்வார். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் கடைகளின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளராக இருந்தவன் நான். கல்லின் அடியில் துளை போட்டு ஈயத்தை எடுத்துவிட்டு மெழுகு அடைத்திருப்பார்கள். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. அந்தக் கண்ணோடுதான் டிங்கரையும் பார்த்தேன். மெலிந்த ஆள், மனிதரோடு பேசுவதைவிடத் தகரத்தோடு அதிகம் பேசுவார். “வா, வா, இன்னும் கொஞ்சம் வளை” என்று சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பார். இஞ்சினை இறக்கினார்கள். துருப்பிடித்த தரையை வெட்டிப் புதுத் தகடு ஒட்டினார்கள். ஓட்டுநர் பக்கத்துக் கதவைப் பிரித்துத் துருவைச் சுரண்டிப் பட்டி பூசினார்கள். பயணி பக்கத்துக் கதவை மட்டும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து, மேலே சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். வாரக்கணக்கில் அது அப்படியே கிடந்தது.

“அது ஏன் கடைசிக்கு?” என்று கேட்டேன்.

“அதுல அழுகல் கம்மி சார். கஷ்டமானத முதல்ல முடிச்சிடுவோம்.”

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. சரியாகவே இருக்கும் பதில்களைத்தான் நான் என் வேலையில் அதிகம் நம்பமாட்டேன்.

ஒருநாள் தம்பி மகள் வயரைச் சீவிக்கொண்டே கேட்டாள்: “அந்த மோதிரத்துல கல்லு என்ன நெறம் பெரியப்பா?”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

என் அனுபவத்தில், “சும்மாதான்” என்று சொன்ன கடைக்காரர் எல்லோரிடமும் மேசைக்கு அடியில் இரண்டாவது எடைக்கல் இருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, அம்மாவும் பெண்ணும் நகைக்கடைப் பக்கம் போனதைப் பஞ்சர் கடைக்காரர் என் காதில் போட்டார். எனக்குக் கணக்கு நேராகிவிட்டது. ஒரு மோதிரம் செய்வித்து அந்தக் கதவுக்குள் போடப்போகிறார்கள். பிறகு எல்லோருக்கும் முன்னால் அதைக் கண்டெடுக்கப்போகிறார்கள். தம்பி நல்லவனாவான், அவனைக் கள்ளனாக்கியவன் நான் ஆவேன். தம்பியின் பெயர் துலங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் போலி முத்திரையால் துலக்கிய பெயர் எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். (நகைக்கடைக்குப் போனது தம்பி மனைவியின் தோட்டுத் திருகு தொலைந்ததற்காக. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

வியாழக்கிழமை நண்பகல். தம்பி மகள் சாமான் வாங்கப் போயிருந்தாள். டிங்கர் சாப்பிடப் போனார். அவர் திருப்புளி பலகையிலேயே கிடந்தது. கதவு வெறுமையாக இருக்கிறது என்பதை இன்றே என் கண்ணால் பார்த்துவிட்டால், நாளை அவர்கள் எதைக் கண்டெடுத்தாலும் பிடித்துவிடலாம். சாக்கை விலக்கினேன்.

எட்டு ஸ்க்ரூக்கள். துரு ஏறிய மூன்று கடைசிவரை மல்லுக்கு நின்றன. திருப்புளி வழுக்கி வழுக்கி அவற்றின் தலையைச் சீவிவிட்டது. உள்தகட்டைத் தூக்கி டார்ச் அடித்தேன். கண்ணாடி இறங்கும் இடுக்கில் இருக்க வேண்டிய ரப்பர் பாதிக்கு மேல் உதிர்ந்துபோயிருந்தது. கதவின் அடியில் பல் உடைந்த சீப்பு, சோடா மூடி, பொடியாகிப்போன இலைகள், ஒரு சின்னப்பிள்ளையின் மஞ்சள் ஹேர்கிளிப். மூலையில் கரிய கட்டியாக ஏதோ ஒன்று. விரலால் எடுத்தால் வரவில்லை. நகத்தால் நெம்பினேன். மோதிரம்.

முதலில் வந்த எண்ணம் வெட்கக்கேடானது: முந்திக்கொண்டுவிட்டார்கள். வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதைச் சுற்றிய கிரீஸ் தாராக இறுகியிருந்தது. உள்ளே கிரீஸ், அதன்மேல் புழுதி, புழுதியின்மேல் துரு, மறுபடி புழுதி. சுரண்டினால் ஏடு ஏடாக வந்தது. எத்தனையோ போலி முத்திரைகளைப் பிடித்தவன் நான். எதற்கும் பழைய தோற்றம் கொடுத்துவிடலாம். இப்படி வருஷத்துக்கு ஒன்றாகப் படிந்த அடுக்கை இரண்டு நாளில் யாராலும் செய்ய முடியாது. கிரீஸ் தடவிய மோதிரம், அடிபட்ட பெண்ணின் வழுக்கும் கை, ரப்பர் இல்லாத ஜன்னல் இடுக்கு. அவ்வளவுதான் நடந்தது.

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இதையும் சொல்லியாக வேண்டும். பக்கத்துக் கடையில் யாரோ டயருக்குக் காற்று நிரப்பினார்கள். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்து, ஓடி, நிற்கும்வரை அது என் பையில்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், தம்பியைப் பற்றி ஊர் பேசுவது பேசியபடியே இருக்கும். நான் குடும்ப மானத்தைக் காப்பாற்றிய அண்ணனாகவே இருந்துவிடலாம். கம்ப்ரஸர் நின்றது. மோதிரத்தை எடுத்து அதே மூலையில் வைத்தேன். தகட்டை மூடினேன். ஏழு ஸ்க்ரூக்கள்தான் கையில் இருந்தன. எட்டாவதைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அப்போதே அவர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். திருட்டுத்தனமாகத் திறந்தேன் என்று அந்த வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாட்சிகளுக்கு முன்னால் திறந்தால்தான் தம்பிக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை நாற்காலியை விரிக்காமலே சொன்னேன்: “இன்னைக்கு அந்தக் கதவப் பிரிங்க. எல்லாரையும் கூப்பிடுங்க.”

தம்பி மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள். பஞ்சர் கடைக்காரர் கூப்பிடாமலே வந்துவிட்டார். டிங்கர் கட்டைவிரலால் ஸ்க்ரூக்களைத் தடவினார்.

“இத யாரோ கழட்டிருக்காங்க. சீவல் புதுசு. எட்டுல ஒண்ணக் காணோம்.”

“எலியா இருக்கும்” என்றார் பஞ்சர் கடைக்காரர்.

“திருப்புளி பிடிக்கிற எலியா?”

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். தகடு கழன்றது. தம்பி மகள் கையை விட்டுத் துழாவினாள். முதலில் வந்தது ஹேர்கிளிப். “என்னோடது!” என்று சிரித்தாள். மறுபடி கையை விட்டவள் சிரிப்பை நிறுத்தினாள். மோதிரம் ஒட்டியிருக்கவில்லை, நேற்று நான் நெம்பியதுதானே. அவள் விரல் பட்டதும் உருண்டு தரையில் விழுந்தது.

அவள் அம்மா குனிந்து எடுத்தாள். துடைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு இருபத்தாறு ஆண்டுகளில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துப் பேசினாள்.

“மாமா, இது இங்க இருந்துச்சுன்னா, அன்னைக்கு நீங்க கொண்டுபோய்க் குடுத்தது யாரோட திருட்டுக்கு?”

நான் நாற்காலியை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் பேச்சு கடைத்தெருவுக்குப் போய்விட்டது. ஸ்க்ரூவில் புதுச் சீவல், ஒட்டாமல் உருண்ட மோதிரம், கதவைப் பிரி என்று பெரியவரே அவசரப்பட்டது. பஞ்சர் கடைக்காரரை நிறுத்திக் கேட்டேன்.

“நான் நல்லதாத்தானே ஐயா சொன்னேன்? செத்த தம்பிக்காக ரெண்டாவது தடவையும் மோதிரம் வாங்கிப் போட்ட அண்ணன் யாரு இருக்காங்கன்னேன். உங்க பாசத்தச் சொன்னேன்.”

ஆக, தம்பி மறுபடியும் கள்ளன். மறுபடியும் என்னால்.

அந்தச் சட்டையை வெளுக்கப் போடும்போது பையில் எட்டாவது ஸ்க்ரூ இருந்தது. மோதிரத்தைத் திரும்ப எடுத்தபோது அதை மறந்திருக்கிறேன். ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். வண்டி ஆரஞ்சு வண்ணத்தில் நின்றது. பயணி பக்கத்து ஜன்னலில் புது ரப்பர். உள்தகட்டில் ஒரு துளை மட்டும் காலி. தம்பி மகளிடம் நீட்டினேன்.

“எங்க இருந்துச்சு பெரியப்பா?”

“என் சட்டைப் பையில.”

அவள் திருப்புளியை எடுத்து என் கையில் கொடுத்தாள். நானே முடுக்கினேன். உள்ளிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது: “உங்க பெரியப்பாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளு.” பழையபடி அவளிடம்தான்.

இப்போது அந்த வண்டி ஓடுகிறது. முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன மருந்துப் புட்டியில், கழுவாத மோதிரம். அந்தத் தம்பதி எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். வந்து கேட்டால் கொடுப்பதற்காக வைத்திருக்கிறார்கள். வளைவுகளில் அது புட்டிக்குள் மெல்ல உருளும் என்கிறாள் தம்பி மகள்.

கடைத்தெருவில் சொல்வது பொய். முதல் மோதிரத்தை வாங்கியவன் நான். இரண்டாவதை நான் வாங்கவுமில்லை, போடவுமில்லை. வியாழக்கிழமை நண்பகலில் கதவைத் திறந்தது நான். அது உள்ளே இருந்தது.