அரசன் தப்பிய கதை

"பிள்ளையளின்ர பேர் வரிசையில நிலக்ஷனுக்கு முன்னால 'காலஞ்சென்ற' போடுறதோ விடுறதோ, தங்கச்சி?" தொலைபேசியில் சச்சிதானந்தன் கேட்டார். புலம்பெயர்ந்து பீல் பக்கத்தில் இருக்கும் தமிழருக்கு மரண அறிவித்தல் செய்து கொடுப்பவர் அவர். "கெதியாச் சொல்லுங்கோ. வாத்தியாரின்ர அறிவித்தலில பிழை விட்டால் எழும்பி வந்து சிவப்புப் பேனையால வெட்டுவார்."

"அம்மாட்டக் கேக்கிறன், போனை வையாதேங்கோ அண்ணை," என்றாள் சிவதர்சினி.

அப்பா அன்று விடியத்தான் ஆஸ்பத்திரியில் கண்மூடினார். அண்ணன் நிலக்ஷன் முள்ளிவாய்க்காலில், சண்டையின் கடைசிக் கிழமையில் காணாமல் போனவன். அவன் செத்துப்போனான் என்று அந்த வீட்டில் இன்றுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கிளிநொச்சியில் முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவர் அப்பா. அம்மா சாப்பிடாமல் கிடக்கும் நாட்களில் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே கதையைத்தான் சொல்வார். இங்கிலாந்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த யுத்தம். வூஸ்ட்டரில் கடைசிச் சண்டை. தோற்ற இளம் அரசன் ஓக் மரத்தில் ஒளிந்து, மாறுவேடத்தில் கடல் தாண்டியது. "எல்லாரும் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சவை. ஒன்பது வருசத்தால வந்து நிண்டான்." அம்மா எழும்பி இரண்டு வாய் சாப்பிடுவார்.

ஒன்பது வருடம் போய், பதினாறும் போயிற்று. போன கிழமை அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அரசன் தப்பினவன்தான். ஆனால் அண்டைக்கு மூவாயிரம் பேர் செத்தவை, பிள்ளை. அதை நான் கொம்மாவுக்குச் சொல்லேல்ல," என்றார்.

அம்மா குசினி மேசையில் ஆறிப்போன தேத்தண்ணிக்கு முன்னால் இருந்தார்.

"அம்மா, அண்ணாவின்ர பேர்..."

"கேட்டுது. அந்த மனுசன் போனில ஊருக்கே கேக்கத்தானே கதைக்குது." கோப்பையைத் தள்ளி வைத்தார். "போடச் சொல்லு."

"அப்ப அந்த அரசன்ர கதை?"

"அது கொப்பருக்காகக் கேட்டனான். நான் சாப்பிடாட்டி அவரும் சாப்பிடார். சொல்லி முடிய அவற்ர முகத்தில ஒரு தெளிவு வரும். அதை ஏன் கெடுப்பான்?"

"போடுங்கோ அண்ணை," என்றாள் சிவதர்சினி தொலைபேசியில்.

"வயசும் கேக்கினமோ?" என்று கேட்டார் அம்மா.

"இல்லையம்மா. பேர் மட்டும் காணும்."

"இருவத்திரண்டு," என்றார் அம்மா.

மறுமுனையில் சச்சிதானந்தன் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது.